மரநாய் சிங்காரமும் பூட்டிய கேம் மெஷினும்

ஒரு காட்டில், அதுவும் செல்போன் டவர் வந்து ஆறு வருஷம் ஆகியும் புலிக்குப் பயந்து கிடந்த காட்டில், சிங்காரம் என்ற மரநாய் இருந்தது. அதனிடம் கைக்கு அடக்கமாக ஒரு வீடியோ கேம் மெஷின் இருந்தது. மெஷினுக்குப் பதினோரு வயசு. ஒரு பட்டன் அழுத்தினால் அழுத்தினபடியே நிற்கும். ஆனாலும் சிங்காரத்துக்கு அதுதான் உயிர்.

ஐந்து மாதம் மாங்கு மாங்கென்று உட்கார்ந்து சிங்காரம் தானே ஓர் ஆட்டம் எழுதியிருந்தது. ஒரு மரநாய் புலியின் முதுகில் ஏழு முறை குதிக்கும், அவ்வளவுதான் கதை. ஆனால் மெஷினில் ஏற்றினால், "கம்பெனி அனுமதித்த ஆட்டங்கள் மட்டும்" என்று சொல்லி அணைந்துவிடும். கம்பெனி போட்ட பூட்டு அப்படி. தன் ஆட்டத்தை ஒருத்தராவது விளையாட மாட்டார்களா என்று சிங்காரம் ஏங்கிப்போய்விட்டது.

பக்கத்துக் குட்டையில் ஆமை நல்லதம்பி இருந்தது. அதனிடமும் அதே மெஷின்தான். திரையில் எது வந்தாலும் 'சரி' அழுத்துகிற ஆமை அது.

"தம்பி, கம்பெனிக்காரன் சொன்னதைக் கேளுப்பா. பூட்டை நோண்டினா மெஷின் செத்துரும்" என்றது ஆமை.

"அதுக்காகப் பெத்த ஆட்டத்தைப் பொட்டியில போட்டு வச்சு அழச் சொல்றீங்களாண்ணே?"

பூட்டை உடைக்க ஒரு வழி இருப்பதாகக் குரங்குகள் பேசிக்கொண்டன. பழைய மீன்பிடி ஆட்டம் ஒன்று ஆரம்பத்தில் பேர் கேட்கும். அளவுமீறி நீளமான பேரைக் கொடுத்தால் மெஷின் திணறிப்போய்க் கதவைத் திறந்துவிடுமாம். அட, கல்யாணப் பத்திரிகை அடிக்கிற காட்டில் நீளமான பேருக்கா பஞ்சம்? சிங்காரம் தட்ட ஆரம்பித்தது: 'அத்திமரம் மேலக்கிளை முன்னாள் கிளைத்தலைவர் தெய்வத்திரு காத்தமுத்து அவர்களின் பேரனும், பலாத்தோப்பு பிச்சைக்கனி அவர்களின் மூத்த குமாரனும், பி.காம். பாதியில் நிறுத்தியவருமான திருவளர்ச்செல்வன் சிங்காரம்.'

திரை கறுத்தது. "ஐயையோ, என் கையாலயே கொன்னுட்டேனே!" என்று சிங்காரம் தலையில் அடித்துக்கொண்டது. அப்புறம் மெல்ல ஒரு வெளிச்சம். திரையில் மரநாய்! புலி! சிங்காரம் போட்ட கூச்சலில் நிஜப் புலியே குகைக்குள் ஓடி ஒளிந்துகொண்டது.

அன்றைக்குத்தான் நல்லதம்பியும் கம்பெனி அனுப்பிய அப்டேட்டுக்குச் 'சரி' அழுத்தியது. "உங்கள் மெஷினுக்கு வயதாகிவிட்டது, புதியது வாங்கவும்" என்று ஒரு வரி வந்தது, மெஷின் மண்டையைப் போட்டது. ஆமை அழுதுகொண்டே சிங்காரத்திடம் வந்தது.

"ஒரே ஒரு ஆட்டம் ஆடிக்கிறேன் தம்பி."

தன் ஆட்டத்தை ஆட ஓர் ஆள்! சிங்காரத்துக்குக் கண்ணே கலங்கிவிட்டது. ஆனால் மூன்று நாளாகியும் ஆமை இடத்தைவிட்டு அசையவில்லை. முதல் நாள் ஆனந்தம், மூன்றாம் நாள் எரிச்சல். கடைசியில் சிங்காரம் ஆட்டத்தின் முடிவில் ஒரு வரி சேர்த்தது: 'வீட்டுக்குப் போகவும். நாளை வரும்போது பலாப்பழம் கொண்டு வரவும்.'

ஆமை வாசித்தது. 'சரி' அழுத்தியது. எழுந்து போய்விட்டது.

மறுநாள் காலையில், தன்னைவிடப் பெரிய பலாப்பழத்தை மூச்சு வாங்க உருட்டிக்கொண்டு வந்தது.

"ஏண்ணே இவ்வளவு சிரமம்?"

"என்னப்பா பண்றது, அப்டேட் வந்திருக்கே!"

நீதி: கம்பெனியின் பூட்டை உடைப்பது பெரும் பாவம். ஆகவே உடைத்த கையோடு நீயே கம்பெனி ஆகிவிடு. பலாப்பழம் உருண்டு வரும்.