நிர்வாகியின் கடைவாய்ப் பல்

"வணக்கம். எந்தப் பல் வலிக்கிறது?" என்று திரை கேட்டது.

வீட்டுக்காரர் முந்தைய பக்கத்துக்குப் போகப் பார்த்தார். திரை மறுபடியும் அதையே கேட்டது.

அந்தப் பல் மருத்துவமனையில் அவருக்கு வேறு பெயர் கிடையாது. டாக்டரின் வீட்டுக்காரர். மனைவிக்காக மாதக் கணக்கில் உட்கார்ந்து ஒரு வலைச் செயலி எழுதியிருந்தார். நோயாளி உள்நுழைந்து டோக்கன் எடுக்கலாம். வரவேற்பில் இருக்கும் பெண் டோக்கனைப் பார்க்கலாம், எக்ஸ்ரேயைப் பார்க்க முடியாது. டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்க்கலாம், யாருக்கு என்ன அனுமதி என்பதை மாற்ற முடியாது. அதை மாற்றக்கூடியவர் நிர்வாகி. நிர்வாகி அவர் ஒருவர்தான்.

"எனக்கும் அந்த அனுமதியைக் குடுத்தா என்ன?" என்று மனைவி ஒருமுறை கேட்டிருந்தாள்.

"சாவி ஒருத்தர்கிட்டதான் இருக்கணும். அதுதான் பாதுகாப்பு."

அவள் வாதாடவில்லை. இன்றுதான் செயலிக்கு முதல் நாள். ஓடாவிட்டால் நாளைக்கே பழைய டோக்கன் அட்டைக்குத் திரும்பிவிடுவேன் என்று மட்டும் சொல்லியிருந்தாள். காலையில் காரிலிருந்து இறங்கும்போது, "எல்லாராவும் உள்ள போய்ப் பார்த்தீங்க. நோயாளியா போய்ப் பார்த்தீங்களா?" என்றாள்.

பார்க்கவில்லை. வரவேற்பு மேசையில் உட்கார்ந்ததும் தன் கணக்கை நிர்வாகியிலிருந்து நோயாளியாக மாற்றிச் சேமித்தார். திரும்ப மாற்ற ஒரு நிர்வாகி வேண்டும் என்பது சேமித்த பிறகுதான் உறைத்தது.

"என்ன சார், முகமே சரியில்ல?" என்றாள் வரவேற்புப் பெண்.

"நான் நோயாளி ஆயிட்டேன்."

"உடம்புக்கு என்ன சார்?"

"உடம்புக்கு ஒண்ணுமில்லம்மா."

அது முழு உண்மை அல்ல. வலது கடைவாய்ப் பல் வெகுநாளாக வலித்தது. இடது பக்கமாகவே மென்று காலம் தள்ளினார். பிடுங்கியே ஆகவேண்டும் என்று மனைவி சொல்லிவிட்டாள். செயலி முடியட்டும் என்று அவர் தள்ளிப்போட்டார். ஊசி என்றால் அவருக்கு ஆகாது.

கடவுச்சொல்லை மாற்றினார். புதிய கடவுச்சொல்லோடு அதே நோயாளியாக உள்ளே போனார். புதிதாக ஒரு கணக்கு தொடங்கினார். புதிதாக வருகிறவர் எல்லோரும் நோயாளி என்று அவரே விதித்திருந்தார். இப்போது அவர் இரண்டு நோயாளி.

தரவுத்தளத்தைத் திறந்து நேரடியாகத் திருத்தலாம். அதற்கான சாவி வீட்டுக் கணினியில் இருந்தது. நிர்வாகியே நேரில் இருக்கும்போது அது எதற்கு என்று விட்டுவிட்டு வந்திருந்தார்.

திரையில் மிச்சம் இருந்தது ஒரே ஒரு பொத்தான். 'டோக்கன் பெறுக.' அதற்கு அப்பால் ஏதாவது வழி இருக்கும் என்று அழுத்தினார்.

கூடத்துச் சுவரில் இருந்த பெரிய திரை 'டோக்கன் 1' என்றது.

"ரத்து பண்ணிடுங்க சார்."

"இன்னைக்கு எடுத்த டோக்கனை இன்னைக்கே ரத்து பண்ண முடியாது. நான்தான் அப்படி வெச்சேன்."

"சரி, ரெண்டாவது ஆளை உள்ள விடறேன்."

"ஒண்ணு முடியாம ரெண்டு திறக்காது. இடையில ஆள் விடறீங்கன்னு புகார் வந்துதுல்ல, அதுக்காக..."

"நல்லாவே எழுதியிருக்கீங்க சார்."

கதவு திறந்தது. கூடம் நிறைந்தது. கன்னம் வீங்கிய பெரியவர் ஒருவர் இரண்டாவது டோக்கனோடு சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாரும்மா அந்த ஒண்ணு? வந்திருக்காரா, பயந்து ஓடிட்டாரா?"

வரவேற்புப் பெண் வீட்டுக்காரரைப் பார்த்தாள். பெரியவரும் பார்த்தார். பிறகு கூடமே பார்த்தது.

அவர் எழுந்து மனைவியின் அறைக்குள் போனார்.

"ஒரு சின்ன உதவி. என் டோக்கனுக்கு 'முடிந்தது'ன்னு அழுத்திடு."

"என்ன சிகிச்சைன்னு போடாம அது அழுந்தாதே. உங்க ஏற்பாடுதானே?"

"ஏதாவது போடேன்."

"செய்யாத வைத்தியத்தை எழுதி எனக்குப் பழக்கமில்ல," என்று கையுறையை மாட்டிக்கொண்டாள். "உட்காருங்க."

வெளியே பெரியவர் இருமினார். வீட்டுக்காரர் உட்கார்ந்தார்.

ஊசி அவர் பயந்த அளவுக்கு இல்லை. கண்ணைத் திறந்தபோது பல் தட்டில் கிடந்தது. இவ்வளவு சின்னதா என்று இருந்தது. மனைவி பொத்தானை அழுத்தினாள். வெளியே 'டோக்கன் 2' என்று மணி அடித்தது. அந்தச் சத்தம் அவர் காதுக்கு இனிமையாக இருந்தது.

"வலிச்சுதா தம்பி?" என்று எதிரே வந்த பெரியவர் கேட்டார். இல்லை என்று தலையாட்டினார். பொய் இல்லை.

கூடம் ஒழுங்காக நகர்ந்தது. மூன்று, நான்கு, ஐந்து. யாரும் முணுமுணுக்கவில்லை. வாயில் பஞ்சோடு அவர் அதை நிறைவாகப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, வீட்டுக்குப் போய் அந்தச் சாவியை எடுத்து வரலாம் என்று எழுந்தார்.

"எங்க சார் கிளம்பிட்டீங்க?" என்று வரவேற்புப் பெண் தன் திரையை அவர் பக்கம் திருப்பினாள். அவர் கணக்குக்கு நேரே 'நிர்வாகி' என்று இருந்தது.

"எப்பி?" என்றார் பஞ்சோடு.

"போன வாரம் லேப்டாப்பைத் திறந்து வெச்சிட்டுச் சாப்பிடப் போனீங்களே சார், அப்பவே டாக்டர் என்னையும் நிர்வாகி ஆக்கிட்டாங்க. உங்க பல்லைப் புடுங்கற வரைக்கும் வாயைத் திறக்கக் கூடாதுன்னு உத்தரவு."