கோழிக்குக் கிடைத்த ஜன்னலோரம்

வண்டி ஓட்டத் தெரியாதவர்களுக்குக் கௌரவம் கொஞ்சம் கூடுதலாகத்தான் இருக்கும். எனக்கு அது மலையளவு. (கொல்லிமலைக்காரிக்கு வேறு எந்த அளவு இருக்கும்?)

படிப்பு எனக்குக் கையெழுத்தோடு சரி. பஸ் போர்டை எழுத்துக் கூட்டி முடிப்பதற்குள் பஸ் அடுத்த வளைவில் இருக்கும். ஆனாலும் காளப்பநாயக்கன்பட்டியில் இருக்கும் மகள் சரசு வீட்டுக்குத் தனியாகப் போய்வர வேண்டும் என்பது என் பிடிவாதம். மகன் பழனிக்கோ பயம்.

"நானே பைக்கில கூட்டிட்டுப் போறேம்மா."

அவனுக்கு நேரம் ஒழிவது பொங்கலுக்குப் பொங்கல். நான் முறைத்த முறைப்பில் இறங்கி வந்தான். "சரி, ஒரு தடவை போ. ஏதாச்சும் ஏடாகூடம் ஆச்சு, அப்புறம் பஸ் பேச்சையே எடுக்கக் கூடாது."

அன்று மலைமேல் எங்கள் சோளக்காடு பஸ் நிறுத்தத்தில் சந்தைக் கூட்டம். பஸ் வந்ததும் ஆளாளுக்கு ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடித்தார்கள். என்னிடம் ஏது துண்டு? மகளுக்காகக் கால் கட்டிக் கொண்டுவந்த கோழி, வயர்கூடையில் இருந்தது. கூடையைத் தூக்கி நீட்டினேன். உள்ளே இருந்தவர் வாங்கி ஜன்னலோர சீட்டில் வைத்தார். (என் போனும் அதற்குள்ளேதான்.)

இடம் பிடித்தாயிற்று, ஏறுவதுதான் பாக்கி. சரிவில் நின்ற பஸ்ஸின் படி என் இடுப்புக்கு வந்தது.

"அம்மாயி, கையைக் குடுங்க" என்றாள் ஒரு பெண்.

எனக்கா கை? "நீ ஏறு கண்ணு. என் இடம் உள்ள இருக்குது."

நான் தடுமாறுவதை யாரும் பார்த்துவிடக் கூடாதே! எல்லாரையும் பெருந்தன்மையாக ஏற்றிவிட்டு, கடைசியில் சேலையைச் செருகி ஒரு காலைத் தூக்கினேன். கண்டக்டர் விசில் ஊதிவிட்டார். பஸ் கிளம்பிவிட்டது. "நிறுத்துங்க" என்று கத்தத் தோன்றவில்லை. "கோழி! கோழி!" என்றுதான் கத்தினேன்.

பழக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "ஏனுங்க அம்மாயி, கோழியை ஏத்தி உட்டுட்டு நீங்க நிக்கறீங்க?"

"ஆமாங்க. மவ ஊட்டுக்கு அனுப்பி உட்டேன்" என்றேன், தலை நிமிர்ந்து.

அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஒரு பழக் கிரேட்டைக் கவிழ்த்துப் போட்டார்.

"எனக்கா இது?"

"சேச்சே! எல்லாத்துக்குந்தானுங்க."

அடுத்த பஸ்ஸுக்கு அதில் கால் வைத்து மகாராணி போல் ஏறினேன். திரும்பிப் பார்த்தால் எனக்குப் பின்னால் கிரேட்டுக்கு வரிசை! கைத்தடிக்காரர் ஒருவர், முட்டிவலிக்காரிகள் இருவர். இத்தனை நாளும் இவர்களும் என்னைப் போலத்தான் "நீங்க முதல்ல ஏறுங்க" என்று நின்றார்கள் போலிருக்கிறது.

முன்னால் போன பஸ்ஸில் கோழி உட்கார்ந்து வந்தது. ஆட்கள் நின்று வந்தார்கள். 'அந்தம்மா பின்னாடி நிக்குது போல' என்று இடத்தை யாரும் தொடவில்லையாம். காளப்பநாயக்கன்பட்டி நிறுத்தத்தில் காத்திருந்த சரசு, வந்து நின்ற பஸ்ஸில் என்னைக் காணாமல் போன் போட்டிருக்கிறாள். கூடைதான் மணியடித்தது.

"இந்த சீட்டுக்கு ஆளே வரலீங்க" என்று கண்டக்டர் கூடையைக் கொடுத்ததும், அவள் பழனிக்கு அலறினாள். "அண்ணா, கோழி வந்துருச்சு! அம்மாவைக் காணோம்!"

அவன் பைக்கில் பறந்து வந்தபோது நான் மகள் வீட்டில் டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

"பாத்தியா? இதுக்குத்தான் சொன்னேன்."

"என்னத்தடா சொன்னே? கோழியும் தனியா வந்துச்சு, நானும் தனியா வந்தேன். ரெண்டும் உன்னக் கூப்புடலியே!"

முறைக்கப் பார்த்தான். கோழி கொக்கரித்ததும் சிரித்துவிட்டான். அதோடு அந்த வழக்கு தள்ளுபடி.

சீட்டில் உட்கார்ந்து வந்த கோழியை அறுக்க யாருக்கும் மனம் வரவில்லை. சரசு வீட்டில் முட்டையிட்டுக்கொண்டிருக்கிறது. சோளக்காட்டில் கிரேட் இருந்த இடத்தில் கடைக்காரர்கள் சேர்ந்து சிமெண்டுப் படி கட்டிவிட்டார்கள். டிரைவர்கள் அதை ஒட்டித்தான் நிறுத்துகிறார்கள். அதற்குப் பெயர் கோழிப் படி.

நினைத்தபோதெல்லாம் போகிறேன். நான் கிளம்பும் நேரம் பார்த்து சரசு போன் செய்வாள்.

"அம்மா, கோழி எப்பவோ வந்துருச்சு. நீ?"

"இரு சாமி, இப்பத்தான் படியில கால் வெச்சிருக்கேன்."