ஆராய்ச்சிக் கிணற்றுக்கு நான் செய்த ஏற்பாடு

மேலதிகாரி ஒருவர் ஒன்றைப் பார்க்க வருகிறார் என்றால், அவர் வருவதற்கு முன்பே அதை அப்புறப்படுத்திவிட வேண்டும். முப்பது வருடத்துக்கு மேற்பட்ட அரச சேவையில் நான் கற்றுத் தேறிய நிர்வாகவியல் இவ்வளவுதான். வெள்ளம் பார்க்க வந்தால் வெள்ளத்தை இறைத்துவிட வேண்டும். குப்பை பார்க்க வந்தால் குப்பையை அடுத்த ஊர் எல்லைக்குள் தள்ளிவிட வேண்டும். ஆள் பற்றாக்குறையைப் பார்க்க வந்தால் பக்கத்துக் கந்தோரில் ஆட்களை இரவல் வாங்கி எல்லாக் கதிரைகளையும் நிரப்பிவிட வேண்டும். ('உங்களிடம் ஆட்கள் தாராளமாக இருக்கிறார்களே' என்று சொல்லி, இருந்தவர்களில் இரண்டு பேரை அவர் இடம் மாற்றிவிட்டுப் போவார். அது வேறு கதை.)

இந்த அறிவோடு ஓய்வு பெற்று, யாழ்ப்பாணத்துத் தீவொன்றில் இருக்கிற நாரந்தனையில் நான் சும்மா இருந்திருந்தால் ஒருவருக்கும் சேதமில்லை. ஆனால் என் தங்கச்சியின் மகள் வாசுகி ஆராய்ச்சி செய்தாள்.

வாசுகி பல்கலைக்கழகத்தில் தற்காலிக விரிவுரையாளர். சனி ஞாயிறுகளில் எங்கள் வீட்டில் தங்கி, தீவில் இருக்கிற கிணறுகளுக்குள் ஒரு நீளமான வயரை இறக்கி, அதன் நுனியில் இருந்த கருவி காட்டும் உப்பளவைக் குறித்துக்கொண்டு திரிவாள். நான் முதலில் இதை ஒருவகைப் பக்தி என்று நினைத்தேன். ஒருநாள் ஆவல் தாங்க முடியாமல் கேட்டேன்.

"பிள்ளை, கிணத்தில உப்பு இருக்கெண்டு எங்களுக்குத் தெரியும். வாயில வைச்சாலே தெரியும். பிறகென்னத்துக்கு மிசின்?"

"உப்பை மட்டும் பாக்கேல்லை மாமா. சனமும் நிலமும் கடலும் எப்பிடி ஒண்டோட ஒண்டு கொழுவியிருக்கெண்டு பாக்கிறன்."

"எப்பிடிக் கொழுவியிருக்கு?"

"சுவிசில ஒரு பெடியன் இருக்கிறான். தேப்பனுக்குக் காசு அனுப்புறான். தேப்பன் அந்தக் காசில பெரிய மோட்டர் வாங்கி வெங்காயத்துக்கு இறைக்கிறார். கூட இறைக்க, கீழ கிடக்கிற உப்புத் தண்ணி மேல ஏறுது. பக்கத்துக் கிணத்தில மேரி அக்கான்ர தேத்தண்ணி கரிக்குது. அவ குடிதண்ணி விலைக்கு வாங்கிறா. காசு காணாது. அதால அவவின்ர மகனும் வெளிநாடு போக நிக்கிறான். போனா அவனும் காசு அனுப்புவான்."

"அந்தக் காசில?"

"மேரி அக்கா மோட்டர் வாங்குவா."

நான் வெற்றிலையைத் துப்பிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தேன். சுவிசில் ஒருவனுக்குச் சம்பளம் கூடினால் நாரந்தனையில் தேநீர் கரிக்கும் என்பது என் சேவைக்காலம் முழுவதிலும் ஒரு சுற்றறிக்கையிலும் வராத செய்தி.

"இதுக்கு மருந்து என்ன?"

"மருந்து பிறகு. முதல் இது எப்பிடிச் சுத்துதெண்டு அளக்க வேணும். தண்ணியை ஒரு ஆள் பாக்கிறார், கடலை இன்னொரு ஆள், சனத்தை மூண்டாம் ஆள். மூண்டையும் சேத்துப் பாக்கத்தான் ஒருத்தரும் காசு தரினமில்லை."

இது எனக்கு நன்றாக விளங்கியது. இரண்டு திணைக்களங்களுக்கு நடுவே விழுந்த கோப்பை இரண்டும் எடுக்காது. மூன்றுக்கு நடுவே விழுந்தால் அதைக் கறையான்தான் எடுக்கும்.

இப்படிச் சேர்த்துப் பார்க்கிற ஆராய்ச்சிக்கென்றே பணம் கொடுக்கும் வெளிநாட்டு நிறுவனம் ஒன்றுக்கு அவள் விண்ணப்பித்திருந்தாள். முன்பு ஒருமுறை கிடைக்கவில்லை. இந்த முறை கடைசிப் படி வரை வந்துவிட்டது. அவர்கள் அனுப்பும் பேராசிரியை நேரில் வந்து இடத்தைப் பார்ப்பார். பார்த்துவிட்டு ஆம் அல்லது இல்லை.

"இல்லையெண்டால்?" என்று கேட்டேன்.

"லண்டனுக்குப் போய்ப் பெரியம்மான்ர கடையில கணக்குப் பாப்பன். அம்மா அதைத்தானே கேக்கிறா. எனக்கும் அலுத்துப்போச்சு மாமா." சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் அந்த வயரைச் சுற்றிக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது.

பேராசிரியைக்குக் காட்ட அவள் தெரிவு செய்தது எங்கள் ஒழுங்கையில் இருந்த பொதுக்கிணறு. மேரி தண்ணீர் அள்ளுகிற கிணறும் அதுதான். பேராசிரியையை அழைத்துவரப் புறப்படும்போது என்னைத் தனியே கூப்பிட்டாள்.

"மாமா, நீங்கள் ஒண்டும் செய்ய வேண்டாம். கிணறு கிடக்கிற மாதிரிக் கிடக்கட்டும். தேத்தண்ணி மட்டும் குடுத்தாக் காணும்."

'ஒன்றும் செய்ய வேண்டாம்' என்பதற்குக் கந்தோர் மொழியில் ஓர் அர்த்தம் உண்டு. மாவட்டத்துக்கு வரும் பெரியவர்கள் எல்லாருமே 'எனக்காக ஒன்றும் செய்ய வேண்டாம்' என்றுதான் தொலைபேசியில் சொல்வார்கள். அதை நம்பிச் சும்மா இருந்த என் நண்பர் ஒருவர் மீதிச் சேவைக்காலத்தை மிக ஒதுக்குப்புறமான ஓரிடத்தில் கழித்தார்.

ஆகவே செய்தேன்.

முதலில் ஆடுகள். கிணற்றடியில் எப்போதும் நிற்கும் ஆடுகளையெல்லாம் பிடித்து மச்சானின் காணிக்கு அனுப்பினேன். அடுத்து, வெங்காயத் தோட்டக்காரர் சிவத்தின் மோட்டர். அது பார்வைக்கு நன்றாக இல்லை என்று தென்னோலைக் கிடுகு போட்டு மூடச் சொன்னேன். மூடுவதற்கு முன் ஓர் உதவிக்கு அதை இரவல் வாங்கினேன். கிணற்றை அடி தெரிய இறைத்துத் துப்புரவாக்க வேண்டுமே! சிவம் சந்தோஷமாகத் தந்தார். (மோட்டரையும் உப்பையும் பற்றி மருமகள் விளக்கியபோது தலையை ஆட்டிய அதே ஆள்தான் நான். தலையாட்டுவது சேவைக்காலத்தில் வந்த பழக்கம், காதோடு அதற்குத் தொடர்பில்லை.)

கிணற்றின் உட்பக்கச் சுவரில் யாரோ சிவப்பு மையினால் கோடு கோடாகக் கீறியிருந்தார்கள். பெடியள் வேலை என்று திட்டிக்கொண்டு அதற்கும் சேர்த்து வெள்ளையடிக்கச் சொன்னேன். கடைசியாக, தெரிந்த ஒருவரைப் பிடித்து, மண்கும்பான் பக்கமிருந்து ஒரு பவுசர் லொறி நிறைய நல்ல தண்ணீர் எடுப்பித்துக் கிணற்றில் ஊற்றினேன். பிறகு யாரும் அள்ளிக் கலக்காதபடி சுற்றிக் கயிறு கட்டினேன்.

என் மனைவி பத்மா வேலியோரம் நின்று பார்த்தாள்.

"இஞ்சேருங்கோ, வாற மனிசி உப்புக் கிணறு பாக்கவெல்லோ வருகுது?"

"உமக்கு உது விளங்காது. வாறவைக்கு நாங்கள் உப்புத் தண்ணியே காட்டுறது?"

"அவ அதைத்தானே பாக்க வாறா?"

"பத்மா, நான் எத்தினை பெரிய ஆக்களை வரவேற்றனான் தெரியுமோ?"

அவள் தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போனாள். அதை நான் பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை வாசுகி பேராசிரியையோடு வானில் வந்து இறங்கினாள். பேராசிரியை நெட்டையான வெள்ளைக்காரப் பெண். தொப்பியும் புழுதி படிந்த சப்பாத்தும் போட்டிருந்தார். நான் வேட்டி சால்வையோடு, நிறைகுடமும் மாலையுமாக நின்றேன். அவர் மாலையை வாங்கி, அதில் என்னென்ன பூ, இந்த மண்ணில் இவை எப்படிப் பூக்கின்றன என்று கேட்டார். (யாழ்ப்பாணச் சந்தையில் வாங்கியது என்று சொல்லக் கூச்சமாக இருந்ததால் பேச்சை மாற்றினேன்.) கிணற்றடியில் சலவை மடிப்புக் கலையாத உடுப்புகளோடு அயலவர்கள் வரிசையாக நின்றார்கள். மேரி மட்டும் வெறும் வாளியோடு ஒரு பக்கமாக நின்றாள்.

"இங்கே ஆடுகள் வரும் என்று எழுதியிருந்தீர்களே?" என்று பேராசிரியை ஆங்கிலத்தில் கேட்டார்.

வாசுகி சுற்றிப் பார்த்தாள். "வழக்கமாக நிற்கும்."

"தோட்டத்து மோட்டர்?"

வாசுகி மறுபடி சுற்றிப் பார்த்தாள். கிடுகுக் குவியல் ஒன்றுதான் தெரிந்தது. பிறகு கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தாள். வெள்ளைச் சுவரைக் கண்டதும் அவள் முகமும் அதே நிறமானது. அந்தச் சிவப்புக் கோடுகள் பருவத்துக்குப் பருவம் தண்ணீர் நின்ற மட்டத்துக்கு அவளே போட்ட அடையாளங்கள் என்பதை நான் பிறகுதான் அறிந்தேன்.

வயரை இறக்கினாள். கருவியைப் பார்த்தாள். உதறினாள். மறுபடி இறக்கினாள். பேராசிரியை எட்டி எண்ணைப் பார்த்துவிட்டு, ஒரு வாளி அள்ளச் சொல்லி, உள்ளங்கையில் ஏந்தி ஒரு மிடறு குடித்தார்.

"மிக நல்ல தண்ணீர்," என்றார். அவர் குரலில் ஏமாற்றம் இருந்தது. நல்ல தண்ணீருக்காக ஏமாந்த ஒருவரை நான் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

"எல்லா ஏற்பாடும் செய்திருக்கிறோம்," என்று நான் ஆங்கிலத்தில் பெருமையோடு சொன்னேன்.

வாசுகி மெதுவாகத் திரும்பினாள். "மாமா. என்ன செய்தனீங்கள்?"

நான் வாயைத் திறக்க முன் மேரி திறந்தாள்.

"என்ன செய்தவரோ? நேற்று இந்தக் கிணத்தை அடியோட இறைச்சுப்போட்டு, பவுசரில கொண்டந்து ஊத்தினவர். பின்னேரம் துடக்கம் எங்களை ஒரு வாளி அள்ள விடேல்லை. கயிறு கட்டி வைச்சிருக்கிறார், கிணறு ஓடிப்போயிடும் எண்டமாதிரி! நான் சோத்துக்கு உலை வைக்கேல்லை. ஐயா மாப்பிள்ளை மாதிரிச் சால்வை போட்டுக்கொண்டு நிக்கிறார்!"

பேராசிரியை என்னைப் பார்த்து, அந்த அம்மா என்ன சொல்கிறார் என்று கேட்டார்.

"தங்கள் வருகையையிட்டு அயலவர்கள் மட்டற்ற மகிழ்ச்சி தெரிவிக்கிறார்கள்," என்று மொழிபெயர்த்தேன். சேவைக்காலப் பழக்கம்தான்.

"இல்லை," என்றாள் வாசுகி. மேரி சொன்னதை உலை வரைக்கும், சால்வை வரைக்கும், ஒன்றும் விடாமல் ஆங்கிலத்தில் சொன்னாள். சொல்லி முடித்ததும் வயரைச் சுற்றி எடுக்கத் தொடங்கினாள். லண்டன் கடையின் கல்லாப்பெட்டி அவள் கண்ணுக்குள் வந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. என் கழுத்தில் இருந்த சால்வை திடீரென்று நனைந்த சாக்குப் போலக் கனத்தது.

பேராசிரியை கோபிக்கவில்லை. கயிற்றைத் தாண்டி வந்து கிணற்றுக் கட்டில் உட்கார்ந்தார். பிறகு என்னிடம் கேள்வி கேட்கத் தொடங்கினார். இப்படிச் செய்யும்படி யார் உத்தரவிட்டார்கள்? ஒருவருமில்லை. அப்படியானால் ஏன் செய்தீர்கள்? பெரியவர்கள் வந்தால் அப்படித்தான். எல்லா ஊரிலுமா? அநேகமாக. வந்தவர்களுக்கு இது தெரியுமா? தெரியும், அவர்களும் தங்கள் மேலதிகாரிக்கு இதையே செய்கிறவர்கள்தான்.

"அப்படியானால் இந்தக் கிணறு உப்பாக இருந்ததை இதுவரை எந்த அதிகாரியும் கண்டதில்லை?"

நான் யோசித்துப் பார்த்தேன். கண்டதில்லை. மேரி இந்தக் கரிப்பைக் குடித்த காலம் முழுவதும், மேலே போன எங்கள் அறிக்கைகளில் தீவின் தண்ணீர் இளநீராகவே இருந்திருக்கிறது. இது எனக்கே புதினமாக இருந்தது. வெட்கம்கூடச் சற்றுப் பொறுத்துத்தான் வந்தது, முதலில் வந்தது ஆச்சரியம்.

இதற்கிடையில் வாசுகி கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் வயரை எடுத்திருந்தாள். ஏதோ ஒன்று அவளைக் குடைந்திருக்க வேண்டும். இந்த முறை மேற்பரப்போடு நிற்கவில்லை. அடிவரை இறக்கினாள். எண்கள் ஏறின. இன்னும் ஏறின.

"மாமா, இஞ்ச வாங்கோ. மேல உங்கட பவுசர் தண்ணி. கீழ பாருங்கோ. நான் இவ்வளவு காலமும் இந்தக் கிணத்தில இப்பிடி ஒரு உப்புக் கண்டதில்லை."

நல்ல தண்ணீர் இலேசானது, உப்புத் தண்ணீரின் மேல் பாலில் ஆடைபோல மிதக்கும் என்று அவள் விளங்கப்படுத்தினாள். நான் அடிதெரிய இறைத்தபோது கீழே கிடந்த உப்பு மேலேறி வந்துவிட்டது. சிவம் பல மாதங்களாகச் செய்ததை நான் அவருடைய மோட்டரைக் கொண்டே ஒரே நாளில் செய்து முடித்திருந்தேன்.

பேராசிரியையும் வாசுகியும் இரண்டு தலைகளையும் கிணற்றுக்குள் நீட்டிக்கொண்டு, நான் அங்கே நிற்பதையே மறந்து, மதியம் வரை ஏதேதோ பேசினார்கள். நானும் இடையில் தலையை நீட்டினேன். மேல் தண்ணீருக்கும் கீழ்த் தண்ணீருக்கும் நடுவே எல்லை கண்ணுக்குத் தெரியுமா என்று பார்த்தேன். தெரியவில்லை. சுவரில் அடித்த வெள்ளைதான் என் சால்வையில் ஒட்டிக்கொண்டது.

பவுசர் தண்ணீர் முடிந்ததும் கிணறு வாயில் வைக்க ஏலாத அளவுக்குக் கரித்தது. மழை வந்து அது ஆறும்வரை, கிணற்றை நம்பியிருந்த வீடுகளுக்கு நான் என் ஸ்கூட்டரில் மண்கும்பானிலிருந்து பிளாஸ்டிக் கான்களில் தண்ணீர் சுமந்தேன். மேரி தன் வீட்டுப் படலை வாசலில் நின்று கானைத் திறந்து ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டுத்தான் இறக்க விடுவாள். "குறை நினையாதையுங்கோ அண்ணை, நீங்கள் மேல ஒண்டும் கீழ ஒண்டும் வைக்கிற ஆள்," என்பாள்.

அந்த மாதங்களில் வாசுகி என்னோடு அளவாகத்தான் பேசினாள். ஒரு சனிக்கிழமை தொலைபேசியைப் பிடித்தபடி குசினிக்குள் ஓடி வந்து பத்மாவைக் கட்டிப்பிடித்தாள். பணம் கிடைத்துவிட்டது. கேட்ட காலத்துக்கு அல்ல, அதைவிடக் குறைந்த காலத்துக்கு. அத்தோடு இரண்டு திருத்தங்கள். எங்கள் பொதுக்கிணறு இயற்கை நிலையில் இல்லாததால் மற்றக் கிணறுகளோடு சேராது, தனியாகப் பார்க்கப்படும். மேலிடத்திலிருந்து ஆட்கள் வரும்போது ஊர் தன் தண்ணீரையும் நிலத்தையும் என்ன செய்கிறது என்பதும் ஆராய்ச்சியில் சேர்க்கப்பட வேண்டும்.

"அதுக்கு ஆரைப் பேட்டி காணப் போறாய்?" என்று கேட்டேன்.

இரண்டு பெண்களும் என்னைப் பார்த்தார்கள்.

பேட்டி பல வாரங்கள் நடந்தது. எனக்குத் தெரிந்த நடைமுறை எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே சுவாரசியம் கூடியது. முடிவில் அவள் தன் கணினியில் ஒரு படத்தைத் திறந்து காட்டினாள். மழை, கிணறு, மோட்டர், வெங்காயம், ஆடு, சுவிஸ், மேரியின் குசினி என்று பெட்டிபெட்டியாக இருந்தது. ஒவ்வொரு பெட்டியிலிருந்தும் மற்றப் பெட்டிகளுக்கு அம்புக்குறிகள் போயின, வந்தன. ஓரத்தில் 'ஓய்வுபெற்ற உத்தியோகத்தர்' என்று ஒரு பெட்டி. பெருமையாக இருந்தது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கிட்டப் போய்ப் பார்த்தேன். என் பெட்டியிலிருந்து கிணற்றுக்கு, மோட்டருக்கு, ஆடுகளுக்கு, மேரிக்கு என்று அம்புகள் பறந்தன. உள்ளே வருகிற அம்பு ஒன்றுகூட இல்லை.

"பிள்ளை, உதென்ன, எனக்கு ஒண்டும் வரேல்லை? பிழை விட்டிட்டாய்."

"பிழையில்லை மாமா. நீங்கள் ஆரின்ரயாவது சொல்லுக் கேக்கிறனீங்களோ?"

பத்மா சிரித்த சிரிப்பில் அடுப்பில் இருந்த பால் பொங்கி வழிந்தது.

அன்று தொடங்கியது. வீட்டில் நான் எதையாவது ஒழுங்குபடுத்தப் புறப்பட்டால், அலுமாரியை நகர்த்தவோ, விருந்தாளிகளுக்கு வரவேற்பு யோசிக்கவோ எழுந்தால், பத்மா இப்போது வாய் திறப்பதில்லை. சுட்டுவிரலால் காற்றில் ஒரு கோடு இழுத்து, அதன் நுனியில் இரண்டு சின்னக் கோடு போட்டுக் காட்டுகிறாள். அம்பு என்னை விட்டு வெளியே போகிறது. கனடாவில் இருக்கும் மகனும் வீடியோவில் அதையே செய்கிறான். போன கிழமை மேரியும் எங்கள் படலையில் நின்று கீறிக் காட்டினாள். எழுந்த நான் சொல்லுக் கேட்டு உட்கார்ந்துவிட்டேன். அவள் உடனே விரலைத் திருப்பி, என் பக்கமாக ஒரு அம்பு கீறினாள்.

"அண்ணைக்கு ஒண்டு போட்டாச்சு," என்றாள் பத்மாவிடம். "பிள்ளைக்கு எழுதச் சொல்லுங்கோ."

பிள்ளை எழுதவில்லை. ஒரு முறை நடந்ததை வைத்து முடிவெடுக்க முடியாதாம்.