செகண்ட் கியர் மாமாவின் டாக்சி

கடலூர் மாவட்டத்தில் மாட்டுவண்டியைக்கூட முந்திப் போகாத ஒரே டாக்சி டிரைவர் அவர்தான். முந்த முடியாமல் இல்லை. மாடு பயந்துவிடும் என்பார். அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ரேஷன் கார்டில் இருந்திருக்கும். மஞ்சக்குப்பம் மைதானத்து ஓரம் டாக்சி ஸ்டாண்டில் அவர் 'செகண்ட் கியர்'. வயதில் சின்னவர்களுக்கு 'செகண்ட் கியர் மாமா'. அவருடைய வெள்ளை அம்பாசடரில் மூன்றாவது, நாலாவது கியர்களும் இருக்கின்றன என்பது எங்களுக்கெல்லாம் வெறும் கேள்விஞானம்தான்.

ஒருமுறை திருவதிகையில் நடந்த கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வீட்டார் அந்த வண்டியைப் பேசிவிட்டார்கள். நெல்லிக்குப்பம் தாண்டியதும் மாப்பிள்ளையின் தாய்மாமன் ஓடுகிற வண்டியிலிருந்து இறங்கி, டீ குடித்து, வெற்றிலை வாங்கிக்கொண்டு, நடந்தே வந்து மறுபடி ஏறிக்கொண்டார் என்று ஸ்டாண்டில் சொல்வார்கள். வெற்றிலை வாங்கியது கட்டுக்கதை என்று நினைக்கிறேன். மாப்பிள்ளை பண்ருட்டி பஸ்ஸைக் கைகாட்டி நிறுத்தி, பட்டுவேட்டியோடு தொங்கிக்கொண்டு போய்த் தாலி கட்டினார் என்பது மட்டும் நிஜம். அதற்குப் பிறகு முகூர்த்த நாட்களில் அவர் வண்டியின் நிழலில் நாய்கள் நிம்மதியாகத் தூங்கின.

2006இல் நான் மஞ்சக்குப்பத்தில் ஒரு சேவைச் சங்கத்தில் எழுத்தர். சங்கம் ஒரு திட்டம் கொண்டுவந்தது. ஊனமுற்றவர்களும் வயதானவர்களும் ஆஸ்பத்திரிக்கோ ஆபீசுக்கோ டாக்சியில் போனால், பாதி வாடகையைச் சங்கம் கொடுக்கும். கூப்பன் அச்சடித்தோம். ரிப்பன் வெட்டினோம். போட்டோ எடுத்தோம். டாக்சிதான் வரவில்லை. வீல் சேரை வைத்தால் டிக்கி மூடாது என்றார் ஒருவர். ஏற்றி இறக்குவதற்குள் இரண்டு சவாரி போய்விடும் என்றார் இன்னொருவர். கடைசியில், தோளில் துண்டோடு எங்கள் ஆபீஸ் மாடி ஏறி வந்தது செகண்ட் கியர்.

"வீல் சேர் ஏத்துவீங்களா?" என்று கேட்டேன்.

"ஏத்துவேன்."

"ஆளையும் தூக்கி ஒக்கார வெக்கணுமே?"

"எப்படி தூக்கணும்னு அவுங்களே சொல்லுவாங்க. அப்படியே தூக்குவேன்."

"அதெல்லாம் சரி. ஏன் நீங்க இவ்ளோ மெதுவா ஓட்றீங்க?"

"யாரு மெதுவா ஓட்றது?" என்று திரும்பிப் பார்த்தார். தனக்குப் பின்னால் வேறு யாரோ நிற்பதாக நிஜமாகவே நினைத்திருந்தார்.

ஒரே மாதத்தில் அவருக்கு ரசிகர் மன்றம் வைக்காத குறை. பார்வையில்லாத கணக்கு வாத்தியார் லூர்துசாமி, ஓய்வூதிய ஆபீசில் ஒரு வேலையும் இல்லாவிட்டாலும் கூப்பன் கேட்டு வந்தார். நான் ஒருநாள் கூடப் போனபோதுதான் காரணம் தெரிந்தது. மாமா வழி நெடுக நேர்முக வர்ணனை செய்துகொண்டு ஓட்டினார்.

"வாத்தியாரே, வலது கைப் பக்கம் ஒரு ஆடு. போஸ்டர் தின்னுது."

"யார் போஸ்டருய்யா?"

"தலைய தின்னுட்டுது. கும்புட்ற கை மட்டும்தான் பாக்கி."

வாத்தியார் சிரித்த சிரிப்பில் பின்சீட்டு ஸ்பிரிங் பேசியது. வேகமாகப் போகிற வண்டியில் ஆடு எந்தப் பக்கம் நின்றது என்பதே தெரிந்திருக்காது.

இன்னொருவர் கன்னியம்மா. கடலோரக் கிராமத்துக்காரர். கூடை மீனைத் தலையில் வைத்துக்கொண்டு ஊரையே சுற்றி வந்தவர். நாற்பத்தைந்து வயதில் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. வாரம் ஒருமுறை சிதம்பரத்தில் உடற்பயிற்சி சிகிச்சைக்குப் போகவேண்டும். விட்டால் கால் அப்படியே மடங்கிவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். காலையில் மாமா வண்டியில் கிளம்பினால், ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், முட்லூர் என்று ஒவ்வொரு ஊரையும் நலம் விசாரித்துவிட்டு, சிதம்பரம் போய்ச் சேர உச்சிவேளை ஆகிவிடும்.

சிக்கல் அங்கேதான் வந்தது. எங்கள் பொருளாளர் ஒரு நாளைக்கு ஏழு தடவை கைக்கடிகாரம் பார்ப்பவர். "இந்தாளு ஒரு சவாரி முடிக்கறதுக்குள்ள வேற ஆளு மூணு சவாரி போவான்யா! காத்திருக்கறவங்க லிஸ்ட் ஜாஸ்தியா ஆவுது" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. மாமாவை நிறுத்திவிட்டு, சேகர் என்கிற டிரைவரைப் போட்டார்கள். முப்பது வயதுக்காரர், நல்ல மனிதர். வண்டியைப் பார்க்க முடியாது, புழுதியைத்தான் பார்க்கலாம்.

முதல் வாரம் கன்னியம்மா போனார். அடுத்த வாரம் போகவில்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை. நான் வீட்டுக்குப் போய்க் கேட்டேன். சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"வேணாம் சார். நான் இப்பிடியே கெடக்கறேன்."

"ஏம்மா? என்னா ஆச்சி?"

"ஆலப்பாக்கம் வளைவுல சீட்டுலேர்ந்து கீழ வுழுந்துட்டேன். அந்தத் தம்பி மேல தப்பில்ல, அதுக்குத் தெரியல. எனக்குத்தான் புடிச்சிக்க கை இல்ல. பொடவ வேற வெலகிப்போயி... மானம் போச்சி சார்."

மைதானத்துக்குப் போய் மாமாவிடம் சொன்னேன். பீடியைக் கீழே போட்டு மிதித்தார். மறுநாள் அழைக்காமலேயே கமிட்டிக் கூட்டத்துக்குள் நுழைந்தார்.

"ஐயா, மைதானத்த மூணு ரவுண்டு வரணும். நீங்களும் சேகரும் பின்னாடி ஒக்காருங்க."

"எதுக்குய்யா?" என்றார் பொருளாளர்.

"நான் சேகர் மாதிரி வேகமா ஓட்டிக் காட்றேன். புடிச்சிருந்தா நீங்க சொல்றபடி நானும் ஓட்றேன்."

செகண்ட் கியர் வேகமாக ஓட்டப்போகிறார் என்ற செய்தி மாடியிலிருந்து இறங்குவதற்குள் மைதானம் பூராவும் பரவிவிட்டது. டீக்கடையில் பாதி டீயை வைத்துவிட்டு வந்தார்கள். பின்சீட்டில் இருவரும் ஏறியதும் மாமா துண்டை எடுத்து பொருளாளரின் வலது கையை உடம்போடு சேர்த்துக் கட்டினார். சேகருக்கு இன்னொரு துண்டு.

"கட்டுன கை கன்னியம்மாவோடது. வலது கால தரையில ஊணக் கூடாது, அதுவும் அவுங்களோடதுதான்" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

அன்றைக்குத்தான் அந்த வண்டியின் மற்ற கியர்களை ஊர் பார்த்தது. முதல் திருப்பத்தில் பொருளாளர் சேகரின் மடியில் இருந்தார். இரண்டாவது திருப்பத்தில் சேகர் பொருளாளரின் மடியில் இருந்தார். மூன்றாவதில் இருவரையுமே காணவில்லை. பின்சீட்டுக்கும் முன்சீட்டுக்கும் நடுவில் இருந்து ஒரு குரல் மட்டும் வந்தது:

"யோவ், நிறுத்துய்யா! கட்ட அவுருய்யா!"

மாமா உடனே நிறுத்தினார். கதவைத் திறந்து, பொருளாளரைப் பக்குவமாகத் தூக்கி உட்காரவைத்தார். கலைந்த வேட்டியைச் சரிசெய்துவிட்டார். கூட்டம் சிரித்தது. மாமா சிரிக்கவில்லை.

"மன்னிச்சிக்கங்க ஐயா. அந்தம்மாவுக்கு நாப்பத்தஞ்சி கிலோமீட்டரு."

பொருளாளர் துண்டை அவிழ்த்து மாமாவிடம் நீட்டினார். கைக்கடிகாரத்தைப் பார்க்கவில்லை. பிறகு, "காத்திருக்கறவங்களுக்கு என்னாய்யா பண்றது?" என்றார், குரல் இறங்கி.

"வண்டிய ஜாஸ்தி பண்ணுங்க. வேகத்த ஜாஸ்தி பண்ணாதீங்க."

அடுத்த மாதம் மூன்று வண்டிகள் ஓடின. பின்சீட்டுக்கு மாமாவே அகலமான பெல்ட் தைத்து மாட்டினார். திட்டத்தில் சேர வருகிற எந்த டிரைவரும் முதலில் பின்சீட்டில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து மைதானத்தை மூன்று சுற்று வரவேண்டும் என்பது விதியாயிற்று. அதை எழுத்தில் போட்டவர் பொருளாளர்தான். சேகர் கன்னியம்மா வீட்டு வாசலில் போய் நின்றார். என்ன பேசினார் என்று தெரியாது. புதன்கிழமை மாமா வண்டி போனபோது அந்தம்மா தலைவாரி, பூ வைத்து உட்கார்ந்திருந்தார்.

ஏழெட்டு மாதம் கழித்து ஒருநாள் நானும் சிதம்பரம் போயிருந்தேன். சிகிச்சை முடிந்து கன்னியம்மா வாக்கரை ஊன்றிக்கொண்டு வாசலுக்கு வந்தார். கார் அங்கே இல்லை. எதிர்ப்புறம் வேப்பமரத்தடியில் நின்றது. வாராவாரம் பத்தடி தள்ளித் தள்ளி நிறுத்துகிறார் என்று பிறகுதான் புரிந்தது.

"என்னா மாமா, வண்டிய ஊருக்கு வெளியவா நிறுத்துவ?" என்று அங்கிருந்தே கத்தினார் கன்னியம்மா.

"எடம் கெடைக்கலம்மா" என்றார் மாமா. சுற்றிலும் லாரி திருப்பலாம், அவ்வளவு இடம் கிடந்தது.

அந்தம்மா திட்டிக்கொண்டே நடந்து வந்தார். வலது கால் இழுத்தது, இழுத்தாலும் வந்தது. மாமா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. முன்கண்ணாடியைத் துண்டால் துடைத்துக்கொண்டே இருந்தார். கண்ணாடி பளிச்சென்றுதான் இருந்தது.  என் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி நானும் துடைக்க ஆரம்பித்தேன்.