என் வீட்டில் நான் குடியிருப்பதற்கான சான்று

ஐம்பது வயது முடிவதற்குள் ஒரு கிரெடிட் கார்டு வாங்கிவிடுவது என்று சபதம் எடுத்தேன். வெட்கக்கேடான காரணம் ஒன்று உண்டு. சொல்லிவிடுகிறேன்.

எங்கள் அலுவலகத்தில் ஒருவர் ஓய்வு பெற்றார். விருந்துச் செலவு சீனியர் என்ற முறையில் என்னுடையது என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். பில் வந்தது. என் சட்டைப்பையில் சீப்பும் பஸ் டிக்கெட்டும்தான் இருந்தன. சம்பளக் கணக்கின் கார்டு மனைவியின் கைப்பையில் இருக்கிறது. கல்யாணமான மாதத்திலிருந்து அங்கேதான் குடித்தனம். அவளுக்கு ஃபோன் செய்தேன். விரல் தவறி ஸ்பீக்கரில் பட்டுவிட்டது.

"எவ்வளவு?"

சொன்னேன்.

"அவ்வளவுக்கு என்னங்க சாப்பிட்டீங்க? எத்தனை பேரு?"

"பதினோரு பேர்."

"பதினோரு பேருக்கும் இளிச்சவாயன் நீங்க ஒருத்தர்தான் கிடைச்சீங்களா?"

பதினோரு பேரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கடைசியில் ஓய்வு பெற்றவரே தன் கார்டை நீட்டினார். நாங்கள் அவருக்குக் கொடுத்த பரிசைவிட அந்த பில் பெரியது. அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை. இனி ஒருமுறைகூட நாலு பேர் முன்னால் அப்படி ஃபோன் செய்யக் கூடாது. என் ஆசை அவ்வளவுதான்.

நான் லிஃப்ட் ஆய்வாளர். பாதிநாள் கட்டடங்களின் இருட்டுக் குழிக்குள் நின்று கம்பிவடமும் பிரேக்கும் பார்த்து, 'தகுதியானது' என்று கையெழுத்துப் போடுவேன். அந்தக் கையெழுத்தை நம்பி ஊரே ஏறி இறங்குகிறது. கடன் கிடையாது. சம்பளம் முதல் தேதி டாணென்று வரும். எனக்குக் கொடுக்காமல் வேறு யாருக்குக் கொடுப்பார்கள்?

யாருக்கோ கொடுத்தார்கள். எனக்கு இரண்டு வரியில் வருத்தம் தெரிவித்தார்கள். வேறு வங்கியில் கேட்டேன். அவர்களும் வருந்தினார்கள். மூன்றாவது வங்கியில் ஒரு பெண் ஃபோனில் பொறுமையாகப் பேசினாள்.

"சார், நீங்க இதுவரைக்கும் கடனே வாங்கினதில்லையே."

"ஒரு பைசா வாங்கினதில்லைம்மா," என்றேன் பெருமையாக.

"அதான் சார் பிரச்சினை. வாங்கினாத்தானே திருப்பிக் கட்டுற ஆளான்னு தெரியும்."

"கட்டுற ஆளுதாம்மா நான்."

"எல்லாரும் அப்படித்தான் சார் சொல்றாங்க. அதோட ஒரே மாசத்துல மூணு இடத்துல கேட்டிருக்கீங்க. ஏதோ நெருக்கடியில இருக்கிறவர்னு காட்டும்."

நாணயமாக இருந்ததற்கு இப்படி ஒரு பலன். முதல்முறை வாங்குபவர்களுக்கென்று சின்ன கார்டு ஒன்று இருக்கிறதாம். வருமானச் சான்றும் முகவரிச் சான்றும் வேண்டும் என்றாள்.

முகவரிச் சான்றைத் தேடியபோதுதான் என் நிலைமை புரிந்தது. வீடு மனைவி பெயரில். மின்சாரம், தண்ணீர், எரிவாயு எல்லாம் அவள் பெயரில். என் ஃபோன்கூட அவள் இணைப்பின் கிளை. என் அடையாள அட்டையில் இருப்பது பழைய வீடு; அதை இடித்துக் கார் நிறுத்துமிடம் கட்டிவிட்டார்கள். இந்த வீட்டுக்கு வந்து பதினொரு வருடமாக ஒரே கட்டிலில் தூங்குகிறேன். நான் இங்கே இருக்கிறேன் என்பதற்கு ஒரு துண்டுக் காகிதம் இல்லை.

"அப்போ வாடகைக்கு இருக்கீங்களா சார்? வாடகை ஒப்பந்தம் இருந்தா போதும்," என்றாள் அந்தப் பெண்.

ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

அலுவலகக் கணினியில் ஒப்பந்தம் தயாரித்தேன். உரிமையாளர்: மனைவி. குடியிருப்பவர்: நான். இரண்டு பிரதி. உறவுமுறை என்ற இடத்தில் மனைவி என்று போட்டால் மாட்டிக்கொள்வேன் என்று அதையும் வாடகைத் தொகையையும் காலியாக விட்டேன். என்னை வைத்துக்கொள்ள எவ்வளவு கேட்கலாம் என்று எனக்கே தெரியவில்லை. கையெழுத்து வாங்கியபிறகு ஏதாவது சின்ன எண்ணாகப் போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

மனைவி பள்ளிக்கூட அலுவலகத்தில் தலைமை எழுத்தர். நாளெல்லாம் விண்ணப்பம் படிப்பவள் வீட்டில் எதையும் படிக்கமாட்டாள் என்பது என் கணிப்பு. காலை ஏழே முக்காலுக்கு, அவள் ஒரு கையில் டிபன் பாக்ஸும் இன்னொரு கையில் ஹேர்பின்னுமாக நிற்கும்போது, குடியிருப்போர் சங்கத் தாள்களுக்கு நடுவில் இரண்டு பிரதியையும் செருகி நீட்டினேன்.

"என்னங்க இது?"

"சங்கத்துக்கு. தண்ணித் தொட்டி கழுவுறது."

"தொட்டி கழுவ இத்தனை கையெழுத்தா?"

"பெரிய தொட்டி."

என்னை ஒரு பார்வை பார்த்தாள். தாள்கட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். ஐந்தே நிமிடம். வங்கிக்கென்று நான் மேஜையில் ஒளித்து வைத்திருந்த உறையோடு திரும்பினாள். ஒட்டியிருந்தது.

"உங்க தாள் ஒண்ணு கலந்திருந்துச்சு. கையெழுத்துப் போட்டு இதுல வச்சுட்டேன். போற வழியில குடுத்துடுங்க."

உறை எப்படிக் கிடைத்தது என்றுகூட யோசிக்காமல், படிக்காமலே போட்டுவிட்டாள் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரே கும்மாளம். பிரித்துப் பார்த்தால் நேரமாகிவிடும் என்று அப்படியே கொண்டுபோய்க் கொடுத்தேன். தொகை காலியாக இருப்பது வங்கி வாசலைத் தாண்டியபிறகுதான் நினைவுக்கு வந்தது. கேட்டால் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டேன். ஆயுளில் ஒரு லிஃப்ட்டைக்கூட நான் திறந்து பார்க்காமல் 'தகுதியானது' என்று எழுதியதில்லை.

பத்தாம் நாள் அந்தப் பெண் கூப்பிட்டாள். குரல் இறங்கியிருந்தது.

"ரிஜெக்ட் ஆயிடுச்சு சார்."

"ஏம்மா? சம்பளம் பார்த்தீங்கல்ல?"

"பார்த்தோம் சார். வாடகையும் பார்த்தோம். ரெண்டும் ஒண்ணா இருக்கே. கடைசி இலக்கம் வரைக்கும்."

ஃபோனை மறு காதுக்கு மாற்றினேன்.

"தப்பா எடுத்துக்காதீங்க சார். இந்த வாடகைக்கு வேற நல்ல வீடே கிடைக்கும். உரிமையாளரோட உறவுமுறைங்கிற இடத்துல கோடு போட்டிருக்காங்க. சொந்தக்காரங்க இல்லைன்னா ஏன் சார் அங்கயே இருக்கீங்க?"

இருபத்திரண்டு வருட இல்லறம். ஒரு கோடு. அன்று மூன்று கட்டடம் பாக்கி இருந்தும் ஒன்றுக்கும் போகாமல் பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்திருந்தேன். அழுகை வரும்போல இருந்தது. வரவில்லை.

வீட்டுக்குப் போனதும் கேட்டேன்.

"முழுச் சம்பளத்தையும் வாடகைன்னு எழுதியிருக்கியே?"

"பொய்யா எழுதினேன்? மாசாமாசம் முழுசா எங்கிட்டதானே வருது?"

"உறவுன்னு கேட்ட இடத்துல கோடு?"

"தொட்டி கழுவணும்னு சொல்லிக் கையெழுத்து வாங்குறவர் எனக்கு என்ன உறவுன்னு தெரியலை. அதான்."

நியாயம்தான். விருந்தன்று நடந்ததை முழுதாகச் சொன்னேன். ஸ்பீக்கர், பதினோரு பேர், இளிச்சவாயன், எல்லாம். அவள் துணி மடிப்பதை நிறுத்தினாள்.

"அத்தனை பேரும் கேட்டாங்களா?"

"கேட்டாங்க."

"அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல?" என்றாள் மெதுவாக. இருபத்திரண்டு வருடத்தில் அந்தக் குரலை நான் நாலைந்து முறைதான் கேட்டிருப்பேன். மனசு கொஞ்சம் லேசானது.

அவள் எழுந்துபோய்க் கைப்பையைத் திறந்தாள். என் கார்டைத் திருப்பித் தரப்போகிறாள் என்றே நினைத்தேன். எடுத்தது வேறு. புத்தம்புது கிரெடிட் கார்டு. அவள் பெயரில்.

"ஒப்பந்தத்துல இன்னொரு பிரதி எங்கிட்ட இருந்துச்சுல்ல? வாடகை வருமானம் வருதுன்னு காட்டினேன். ஒரே வாரத்துல குடுத்துட்டாங்க. இனிமே உங்களுக்கு அந்தக் கவலையே வேண்டாம். அடுத்த விருந்துக்கு நானே கூட வந்து, அத்தனை பேர் முன்னாடியும் கட்டிடறேன்."

சரி என்றேன். குடியிருப்பவன் வேறென்ன சொல்ல முடியும்?