வீரபாகுவின் இயற்கை வாயுக் கார்

சக்கரத்தைக் கண்டுபிடித்த பிறகு மனித குலம் செய்த அடுத்த பெருஞ்சாதனை, தொண்ணூற்றெட்டாம் ஆண்டு முள்ளியவளையில், கமலாசனியின் மாட்டுக்கொட்டிலுக்குப் பின்னால் நிகழ்ந்தது.

போர்க்காலப் பொருளாதாரத் தடையால் பெற்றோலை மருந்துப் போத்தலில் வாங்கிய காலம் அது. மண்ணெண்ணெயில் ஓடிய கார்களும் இருமி இருமி ஓய்ந்துவிட்டன. கமலாசனியின் கணவர் வீரபாகு மட்டும் மனம் தளரவில்லை. கிடங்கு வெட்டிச் சாணக் கரைசலை ஊற்றி, மேலே இரும்புப் பீப்பாவைக் கவிழ்த்தார். அதில் சேர்ந்த வாயுவைக் குழாய் வைத்து உழவு மெசின் சக்கரங்களின் ரியூப்களில் அடைத்து, தன் பழைய ஒஸ்ரின் காரின் கூரையில் கட்டினார். கார் பக்கத்து ஊரான தண்ணீரூற்றுக்குப் போய்த் திரும்பி வந்தது. பார்த்தவர்கள் கண்கலங்கினார்கள். அதற்கு வாசனையும் ஒரு காரணம்.

ஓடுகிற கார் இருந்தால் அதை நடத்த ஒரு குழு வேண்டாமா? ‘இயற்கை வாயு வாகன மேம்பாட்டுக் குழு’ உதயமானது. கந்தோரில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வுபெற்ற நல்லதம்பி அதன் தலைவர். வீரபாகு ‘ஸ்தாபகக் கண்டுபிடிப்பாளர்’. கமலாசனிக்குப் பதவி எதுவும் மிஞ்சவில்லை. அவள் சாணம் அள்ளினாள், கரைத்தாள், கிடங்கில் ஊற்றினாள். ரியூப்கள் நிரம்ப ஒரு கிழமை பிடிக்கும். இதற்குக் குழு வைத்த பெயர் ‘எரிபொருள் நிரப்பும் தொழில்நுட்பம்’.

நிரம்பிய வாயுவில் குழு அயல் கிராமங்களுக்குப் போய், எரிபொருளை மிச்சம் பிடிப்பது எப்படி என்று சனங்களுக்கு விளக்கியது. ஒருமுறை கமலாசனி தங்கச்சி வீட்டுக்குப் போகக் காரைக் கேட்டாள். அவளுடைய வேண்டுகோள் ‘சாதகமான பரிசீலனையில்’ இருந்தது. பரிசீலனை முடியுமுன் அவள் நடந்தே போய் வந்துவிட்டாள்.

ஒரு காலை, கூட்டத்துக்குப் போகக் கார் தயாராக நின்றது. பின் சீற்றில் சால்வையோடு நல்லதம்பி. அப்போதுதான் அடுத்த வளவுச் சுப்பம்மா வேலியைப் பிடித்துக்கொண்டு குனிந்து நிற்பதைக் கமலாசனி கண்டாள். மலைநாட்டிலிருந்து வந்து குடியேறிக் கச்சான் கடலைத் தோட்டம் செய்கிறவள். நிறைமாதம். புருசன் விறகுக்குக் காட்டுக்குப் போயிருந்தான்.

“அக்கா, வலி வந்திருச்சு. மொதப் புள்ளய மாட்டு வண்டியில போற வழியிலதான் பறிகுடுத்தேன். பயமா இருக்குக்கா.”

கமலாசனி அவளைத் தாங்கிக்கொண்டு வந்து கார்க் கதவைத் திறந்தாள்.

“நல்லதம்பி அண்ணை, இறங்குங்கோ. இவளை ஆசுப்பத்திரிக்குக் கொண்டு போகவேணும்.”

“மனிதாபிமான ரீதியில எனக்கு முழு உடன்பாடு, பிள்ளை. ஆனா இது குழுவின்ர வாகனம். அவசரப் பயணமெண்டால் குழு கூடித் தீர்மானிக்கவேணும்.”

“எப்ப கூடுவியள்?”

“இண்டைக்குக் கூட்டம் முடிஞ்ச கையோட.”

“பிள்ளை அதுவரைக்கும் பொறுக்குமோ?”

“அதையும் கூட்டத்தில கேக்கலாம்.”

கமலாசனி கணவரைப் பார்த்தாள். கணவர் ஸ்ரியரிங்கைப் பார்த்தார்.

“இஞ்சருங்கோ. இப்ப காரை எடுக்கிறியளோ, நாளையிலயிருந்து சாணம் அள்ளுறியளோ?”

கண்டுபிடிப்பாளர் வாழ்நாளிலேயே அதிவேகமாகச் சிந்தித்தது அப்போதுதான். காபரேற்றரில் இரண்டு துளி பெற்றோல் விட்டார். கார் உயிர்பெற்றது. உத்தியோக வாகனம் உத்தியோகத்தர் இல்லாமல் போகக்கூடாது என்ற விதிப்படி நல்லதம்பி முன் சீற்றுக்கு மாறிக்கொண்டார்.

ஆசுப்பத்திரி தண்ணீரூற்றையும் தாண்டித் தொலைவில் இருந்தது. கட்டடத்தின் கூரை தெரிகிற இடத்தில் ரியூப்கள் சப்பளிந்தன. கார் ஒரு பெருமூச்சு விட்டு நின்றது. சுப்பம்மா கமலாசனியின் கையை நெரித்தாள். அந்தப் பிடியில் கமலாசனிக்கும் பயம் பிடித்தது.

“அண்ணை, இறங்கித் தள்ளுங்கோ.”

“நானோ?”

“நீங்கள் இறங்கினாலே பாதிப் பாரம் குறையும்.”

உள்ளேயிருந்து சுப்பம்மா அலறினாள். நல்லதம்பி சால்வையை இடுப்பில் வரிந்து கட்டிக்கொண்டு இறங்கினார். மூச்சு வாங்க வாங்க, ஆசுப்பத்திரி வாசல்வரை தள்ளினார். தீர்மானம் எதுவும் நிறைவேற்றாமல் அவர் செய்த முதல் காரியம் அது.

சற்று நேரத்தில் உள்ளே ஒரு குழந்தை அழுதது. பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் சுகம். கமலாசனி வாசற்படியில் குந்திவிட்டாள். காலையில் சாணம் கரைத்த கை. கண்ணைத் துடைக்க முடியாமல் அப்படியே சிரித்தாள்.

வாயு ஏன் தீர்ந்தது என்று ஆராய, மறுநாள் அவளுடைய முற்றத்திலேயே விசேட கூட்டம் நடந்தது. தலைவரின் ‘நேரடி உந்துசக்தி’க்கு நன்றி தெரிவிக்கப்பட்டது. அதற்குத் தலைவர் நன்றி தெரிவித்தார். அந்த நன்றியை எல்லாரும் ஆளுக்கொரு உரையாற்றி வரவேற்றார்கள். குறைபாட்டுக்குக் காரணம் ‘மாடுகளின் ஒத்துழைப்பின்மை’ என்று ஏகமனதாக முடிவானது. கமலாசனி பிளேன்ரீ கொண்டு வந்தபோது வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. உரைகள் ஓயவில்லை.

“நீயும் ஏதும் ஆலோசனை சொல்லலாம், பிள்ளை,” என்றார் நல்லதம்பி பெருந்தன்மையாக.

“ஒண்டுதான் அண்ணை. இனிமேல் குழாயைக் கிடங்கில வைக்காதையுங்கோ. கூட்டத்துக்கு நடுவில கொண்டு வந்து வையுங்கோ. கார் மாங்குளம் வரைக்கும் நிக்காமல் ஓடும்.”