மூன்றாவது பீரோவில் ஒரு பிணம்

பயிற்சி வகுப்புக்குப் போய்விட்டுத் திரும்பும் ஆசிரியரைப் போல ஆபத்தானவர் ஒரு பள்ளிக்கூடத்தில் வேறு யாரும் கிடையாது. போகும்போது சாதாரண மனிதராகத்தான் போவார். வரும்போது தோளில் ஒரு துணிப்பை, பைக்குள் ஒரு கோப்பு, தலைக்குள் ஒரு யோசனை என்று வந்து இறங்குவார். பை காய்கறி வாங்க உதவும். கோப்பின் பின்பக்கத்தில் பிள்ளைகள் படம் வரையும். அந்த யோசனையை என்ன செய்வது என்றுதான் யாருக்கும் தெரியாது.

நான் அப்படி வந்து இறங்கியது திருநெல்வேலியிலிருந்து. 'பள்ளி நூலகங்களில் மாணவர்களை ஈர்க்க டிஜிட்டல் ஊடகக் கருவிகள்' என்று பயிற்சிக்குப் பெயர். நான் வேதியியல் ஆசிரியை. சங்கரன்கோவிலில் நான் வேலை பார்க்கும் பள்ளியின் நூலகத்துக்கும் எனக்கும் இருந்த ஒரே உறவு, அதன் சாவி என் கைப்பையில் கிடந்தது என்பதுதான். (பழைய பொறுப்பாளர் ஓய்வுபெற்ற அன்று, டீ குடிக்கப் போகாமல் ஆசிரியர் அறையில் உட்கார்ந்திருந்தவள் நான் ஒருத்திதான்.) அந்த அறையில் நாலு பீரோ இருந்தன. புத்தகங்களுக்கு நடுவே கைப்பந்து வலை, உடைந்த பூகோள உருண்டை, ஆண்டு விழா கிரீடங்கள். மழை வந்தால் பிள்ளைகள் உள்ளே ஒதுங்குவார்கள். சங்கரன்கோவிலில் மழை எப்போது வந்தது? எனவே யாரும் வருவதில்லை.

பயிற்சியில் எனக்குப் பிடித்துப்போனது புத்தக டிரெய்லர். சினிமாவுக்கு இருப்பதுபோலப் புத்தகத்துக்கும் ஒரு குட்டி வீடியோ. "கதையைச் சொல்லிவிடாதீர்கள். ஆர்வத்தை மட்டும் கிளப்புங்கள்" என்றார் பயிற்சி கொடுத்தவர். நான் அதைக் கோப்பில் எழுதி இரண்டு கோடு போட்டுக்கொண்டேன். எதைக் கிளப்பப்போகிறேன் என்று அப்போது தெரியாது.

திங்கட்கிழமையே ஒன்பதாம் வகுப்பில் ஆள் தேடினேன். கோமதி என்ற பெண் கை தூக்கினாள். செல்போனில் வீடியோ வெட்டி ஒட்டுவதில் கெட்டிக்காரி. அக்கா கல்யாணத்தைப் படம் எடுத்தவர்களுக்கே அவள்தான் யோசனை சொன்னாளாம். மூன்றாவது பீரோவிலிருந்து ஒரு பழைய துப்பறியும் நாவலை அவளே எடுத்து வந்தாள். (பெயர் வேண்டாம். எழுதியவரின் வாரிசுகள் எங்கேயாவது இருப்பார்கள்.) ஒரு ஜமீன் பங்களாவின் புத்தக அறையில் ஒரு பெண் செத்துக் கிடக்கிறாள், கொன்றது யார் என்பது கதை.

"டீச்சர், நீங்க இத வாசிச்சிருக்கீயளா?" என்றாள்.

"ம்" என்றேன். முதல் அத்தியாயத்தில் பாதி வாசித்திருந்தேன். 'ம்' என்ற எழுத்துக்கு அதற்குமேல் பொறுப்பு கிடையாது என்பது என் எண்ணம்.

பிணமாக நடிக்க இசக்கியம்மாள் என்ற பெண் ஒப்புக்கொண்டாள். வசனம் இல்லாத வேஷம் என்பதால் அவளுக்கு ரொம்ப சந்தோஷம். பீரோவுக்குப் பின்னாலிருந்து கொலுசு போட்ட ஒரு கால் மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும். பக்கத்தில் ரத்தம். மற்றவர்கள் குங்குமம் கரைக்கலாம் என்றார்கள். நான் விடுவேனா? வேதியியல் ஆசிரியை உயிரோடு இருக்கும்போது குங்குமமா? ஆய்வகத்தில் இரண்டு உப்புக் கரைசல்களைக் கலந்து, அசல் ரத்தமே வெட்கப்படும்படி ஒரு சிவப்பைத் தயாரித்துக் காலில் படாமல் தரையில் ஊற்றினேன். என் தொழில் வாழ்க்கையில் மாணவிகள் எனக்குக் கைதட்டியது அன்றுதான்.

கோமதி இடிச் சத்தம் சேர்த்தாள். தன் குரலைக் கரகரப்பாக்கிப் பேசினாள்: "சங்கரன்கோவில்... ஒரு பள்ளிக்கூட நூலகம்... மூன்றாவது பீரோவுக்குப் பின்னால் ஒரு பெண்... அவளைக் கொன்றது யார்?" பிறகு வெகுநேரம் அந்தக் கால். கடைசியாக நாவலின் அட்டையும் 'விடை வேண்டுமா? நூலகத்துக்கு வாருங்கள்' என்ற எழுத்தும்.

"அட்டைய முதல்லயே காட்டிரலாம்லா?" என்று கேட்டேன்.

"டீச்சர், மொதல்லயே புஸ்தகம்னு தெரிஞ்சா எவன் பாப்பான்?" என்றாள் கோமதி. நியாயமாகத்தான் பட்டது.

வியாழக்கிழமை காலை, கரிவலம்வந்தநல்லூரில் என் வீட்டு அடுப்படியில் தோசையைத் திருப்பிக்கொண்டே அந்த வீடியோவை என் வாட்ஸப் ஸ்டேட்டஸில் போட்டேன். பெற்றோர்கள் பலருடைய எண்கள் என் போனில் உண்டு. பிறகு போனை சைலன்டில் போட்டுப் பைக்குள் வைத்துவிட்டு ஸ்கூட்டரில் கிளம்பிவிட்டேன். ஸ்டேட்டஸ் நீளமான வீடியோவை ஒரு அளவோடு வெட்டிவிடும் என்பது பயிற்சியில் சொல்லித் தரப்படாத பாடம். என் ஸ்டேட்டஸ் சரியாக அந்தக் காலோடு முடிந்துபோயிருந்தது. அட்டை இல்லை. அழைப்பு இல்லை. பள்ளிக்கூடமும் பிணமும் கேள்வியும் மட்டும்.

இரண்டாவது பாடவேளையில் அமிலமும் காரமும் நடத்திக்கொண்டிருந்தேன். கேட்டுப் பக்கம் மோட்டார் பைக் சத்தம் கேட்டது. அப்புறம் நிறைய மோட்டார் பைக் சத்தம். ஜன்னல் வழியே பார்த்தால் ஒரு மினி லாரி நிறைய ஆட்கள். பனவடலிசத்திரத்திலிருந்து களை பறிக்கப் போனவர்கள் வழியிலேயே திரும்பி வந்திருந்தார்கள். "என்னவா இருக்கும்?" என்று நானும் ஆவலாக எட்டிப் பார்த்தேன். (இதை நினைத்தால்தான் இன்றும் காது சூடாகிறது.)

தலைமையாசிரியர் அறைக்கு ஓடினேன். அவர் கேட்டுக்கும் அறைக்கும் நடுவே வேர்க்க விறுவிறுக்க நின்றார்.

"டீச்சர், நம்ம பள்ளிக்கூடத்துல ஒரு பிள்ளையக் கொன்னு போட்டுட்டாங்கன்னு சொல்லுதாங்க! லைப்ரரிலயாம்! சாவி ஒங்கள்ட்டதான இருக்கு?"

ஒரு அம்மா கம்பிக்கு வெளியிலிருந்து தலையில் அடித்துக்கொண்டு கத்தினாள்: "எம் மவளக் காட்டுங்கய்யா! பாத்துட்டுத்தான் போவேன்!"

விஷயம் எனக்குப் புரிந்த நேரத்தில் காவல்துறை ஜீப்பும் வந்துவிட்டது. சப்-இன்ஸ்பெக்டர் மீசையும் பொறுமையும் உள்ள மனிதர். நான் திக்கித் திணறி, புத்தகம், டிரெய்லர், ஆர்வம் என்று ஏதேதோ சொன்னேன். "சரிம்மா, எடத்தக் காட்டுங்க" என்றார்.

காட்டினேன். மூன்றாவது பீரோவின் பின்னால் சிமென்ட் தரையில் என் சிவப்பு அப்படியே ஊறிக் கறையாகி நின்றது.

"இது என்னம்மா?"

"ரத்தம் இல்ல சார். கெமிக்கல்."

"கெமிக்கலா?" என்று அவர் ஒரு அடி பின்னால் போனார். ரத்தம் என்றே சொல்லியிருக்கலாம் போலிருந்தது.

"சரி, அந்தக் காலு யாருது?"

"இசக்கியம்மாள் சார். ஒம்பதாம் வகுப்பு."

"வரச் சொல்லுங்க."

இசக்கியம்மாள் அன்று வரவில்லை! கேட்டுக்கு வெளியே இந்தச் செய்தி எப்படிப் போனதோ தெரியாது, "அந்தப் பிள்ளயத்தான் காணலியாம்!" என்று ஒரு கூக்குரல் எழுந்தது. தலைமையாசிரியர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். என் வாழ்க்கை முடிந்தது என்று நினைத்தேன். ஜெயிலில் தினமும் என்ன சாப்பாடு போடுவார்கள் என்றுகூட ஒரு கணம் யோசித்தேன்.

கோமதிதான் அழுகைக்கு நடுவே சொன்னாள். "டீச்சர், அவ சிவகிரில அவுக அத்த வீட்டுல காதுகுத்துக்குப் போயிருக்கா. வீடியோ கால் போடுங்க."

போட்டேன். மணி அடித்தது, அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் திரையில் ஒரு வாழையிலை தெரிந்தது. அப்புறம் வாய் நிறையக் கேசரியோடு இசக்கியம்மாளின் முகம்.

"என்ன டீச்சர்? நான் நடிச்சது நல்லாருக்கா?"

சப்-இன்ஸ்பெக்டர் என் போனை வாங்கிக் கேட்டுக்கு மேலே தூக்கிப் பிடித்தார். கூட்டம் முண்டியடித்துப் பார்த்தது. "ஏலே, பொணம் கேசரி திங்குதுலே!" என்று யாரோ சொல்ல, முதலில் ஒருவர் சிரித்தார், பிறகு எல்லோரும் சிரித்தார்கள். தலையில் அடித்துக்கொண்ட அம்மாவுக்கு அவள் மகளைக் காட்டினோம். அவள் மகளை இழுத்து அணைத்து, கையோடு முதுகில் ஒன்று வைத்தாள். எதற்கென்று அந்தப் பெண்ணுக்கும் தெரியவில்லை.

இதோடு முடிந்திருக்க வேண்டும். ஜீப்பில் ஏறப்போன சப்-இன்ஸ்பெக்டர் ஒரு காலை வெளியே வைத்தபடி திரும்பினார்.

"சரிம்மா, கடைசில யாருதான் கொன்னது?"

கலையத் தொடங்கிய கூட்டம் நின்றது. மினி லாரியின் இன்ஜின் அணைந்தது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கோமதியும் பார்த்தாள்.

"அது... புத்தகத்துல இருக்கு சார்" என்றேன்.

"எடுத்துப் பாத்துச் சொல்லுங்களேன்."

எடுத்து வந்தேன். கடைசிப் பக்கத்தைத் திருப்பினேன். துப்பறிபவர் எல்லோரையும் புத்தக அறையில் உட்காரவைத்து, 'கொலையாளி இங்கேதான் இருக்கிறார். அவர்...' என்று கை நீட்டுகிறார். அதோடு பின்னட்டை. நடுவில் இருந்த தாள்களை எந்தக் காலத்திலோ எவரோ கிழித்துவிட்டார்கள்.

"நீங்க வாசிச்சிருக்கேன்னு சொன்னீயள்ளா டீச்சர்?" என்றாள் கோமதி. அவள் மெதுவாகத்தான் கேட்டாள். சங்கரன்கோவில் முழுவதற்கும் கேட்டது.

தலைமையாசிரியர் என் பக்கம் வந்தார். கையை நீட்டினார். நூலகச் சாவியைக் கொடுத்தேன். "இனி அந்த ரூமு விளையாட்டுச் சாமானுக்கு மட்டுந்தான். ஒங்க டிஜிட்டலும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம்" என்றார்.

அன்று வீட்டில் உட்கார்ந்து அந்த நாவலை முதலிலிருந்து வாசித்தேன். வெட்கத்தில்தான் ஆரம்பித்தேன். பாதியில் வெட்கம் போய்விட்டது. டாக்டரா? ஜமீன்தாரின் தம்பியா? சமையல்காரனா? சாம்பார் அடிப்பிடித்தது. வங்கியில் வேலை பார்க்கும் என் கணவர் நாராயணன் இரவுச் சாப்பாட்டுக்கு முன் ஒருமுறை திட்டினார். பிறகு, "எங்க, அதக் குடு பாப்போம்" என்று வாங்கி வாசித்தார். அவருக்குத் தம்பி மேல் சந்தேகம். எனக்கு டாக்டர் மேல். அதற்காக நாங்கள் உண்மையாகவே சண்டை போட்டோம்.

மறுநாள் பள்ளிக்கூட வாசலில் மறுபடியும் ஆட்கள். ஸ்கூட்டரைத் திருப்பிவிடலாமா என்று பார்த்தேன். ஆனால் அவர்கள் சண்டைக்கு வரவில்லை. "டீச்சர், தெரிஞ்சுதா?" என்றார்கள். பால்காரர் கேட்டார். மகள் மறந்துவிட்ட டிபன் பாக்ஸைக் கொடுக்க வந்த ஒரு தாயும் கேட்டாள். நாவலைத் தலைமையாசிரியரிடம் ஒப்படைத்தேன். சாயங்காலம் அவர் என்னைக் கூப்பிட்டுச் சாவியை மேசைமேல் தள்ளினார்.

"புடிங்க. ஆளாளுக்கு எங்கிட்ட வந்து கேக்காங்க. எனக்கு என்ன தெரியும்?" என்றவர், குரலைத் தாழ்த்தினார். "அந்தச் சமையக்காரன் முழியே சரியில்ல டீச்சர்."

கோமதியின் யோசனைப்படி மறுபடியும் ஸ்டேட்டஸ் போட்டேன். இந்தமுறை அட்டை முதலில். 'இந்தப் புத்தகம் யாரிடமாவது இருக்கிறதா?' ஒன்பதாம் வகுப்பு முழுவதும் தங்கள் வீட்டுப் போன்களில் அதையே போட்டது. சில நாள் கழித்து, யாரோ ஒருவரின் சம்பந்தி வீட்டுப் பரணிலிருந்து கடைசிப் பக்கங்கள் புகைப்படமாக வந்து சேர்ந்தன. "நீங்களும் பாக்கக் கூடாது டீச்சர், எல்லாருக்கும் சேத்துத்தான் வாசிக்கணும்" என்று கோமதி சத்தியம் வாங்கிக்கொண்டாள். என் மேல் அவளுக்கு இருந்த நம்பிக்கை அவ்வளவுதான். ஆனாலும் சத்தியத்தைக் காப்பாற்றினேன். எவ்வளவு கஷ்டம் தெரியுமா? போனைத் துணி அலமாரியில் வைத்துப் பூட்டினேன்.

அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை மாலை நூலகத்தில் கால் வைக்க இடமில்லை. பிள்ளைகள், பெற்றோர்கள், ஆசிரியர்கள். "ரவுண்ட்ஸ் வந்தேன்" என்று சப்-இன்ஸ்பெக்டர் ஜன்னலோரம் நின்றார். ரவுண்ட்ஸுக்குச் சாதாரண உடையில் வரமாட்டார்கள். மகள் மீனாவைக் கூட்டிக்கொண்டு என் கணவரும் வந்திருந்தார். பக்கங்கள் சுவரில் பெரிதாக விழும்படி செய்து, நான் சத்தமாக வாசித்தேன்.

"'அவர் டாக்டர் அல்ல. தம்பியும் அல்ல.'"

"தம்பி இல்லியா?" என்றார் என் கணவர். எல்லோரும் அவரை 'உஷ்' என்றார்கள்.

"'சமையல்காரரும் அல்ல. மண்டையில் பட்ட காயம் விழுந்ததால் வந்தது. உயிர் போனது காபியில் கலந்த விஷத்தால். அந்த ரசாயனத்தைப் பற்றித் தெரிந்தவர் இந்த வீட்டில் ஒருவர்தான். இந்த அறையின்...'"

எனக்குக் குரல் கொஞ்சம் இறங்கியது. கண் அடுத்த வரிக்குப் போய்விட்டது.

"வாசிங்க டீச்சர்!"

"'இந்த அறையின் சாவியை வைத்திருப்பவர். புத்தகங்களைப் பார்த்துக்கொள்ளும் அந்த அம்மாள்தான்.'"

எல்லார் பார்வையும் சுவரிலிருந்து என் கைச் சாவிக்கு வந்தது, சாவியிலிருந்து தரையில் இருந்த கறைக்குப் போனது, கறையிலிருந்து என் முகத்துக்கு ஏறியது. முதலில் வெடித்துச் சிரித்தவர் சப்-இன்ஸ்பெக்டர். "டீச்சர், அன்னைக்கே ஒங்களக் கூட்டிட்டுப் போயிருக்கணும்!" என்றார். அப்புறம் அந்த அறையில் எழுந்த சிரிப்புக்கு நாலு பீரோவின் கண்ணாடிகளும் அதிர்ந்தன. கோமதி சிரித்துச் சிரித்து இசக்கியம்மாள் மேல் விழுந்தாள். தலைமையாசிரியர் மட்டும் "சமையக்காரன்னுல்லா நெனச்சேன்" என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு நூலகம் ஒருநாளும் காலியாக இருந்ததில்லை. கைப்பந்து வலைக்கு வேறு அறை பார்க்க வேண்டியதாயிற்று. டிரெய்லர்கள் தொடர்கின்றன. கடைசிப் பக்கம் இருக்கிறதா என்று பார்க்காமல் கோமதி எந்தப் புத்தகத்தையும் தொடுவதில்லை.

எங்கள் வீட்டில் நடந்த மாற்றம் வேறு. விருந்தாளி யார் வந்தாலும், சொந்தமோ அந்நியமோ, மீனா வாசலிலேயே கதையைச் சொல்லி முடித்துவிடுகிறாள். நான் அடுக்களையிலிருந்து காபித் தட்டோடு வந்தால் ஒருவரும் தம்ளரை வாயில் வைப்பதில்லை. கையில் பிடித்துக்கொண்டு மரியாதையாக என்னையே பார்க்கிறார்கள். "மொதல்ல நீ ஒரு மடக்கு குடி" என்கிறார் என் கணவர். குடித்துக் காட்டுகிறேன். சற்று நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, அப்புறம்தான் வந்த விஷயத்தையே பேச ஆரம்பிக்கிறார்கள்.